ஒரு துளிக்கு ஒரு செல்: மைக்ரோஃப்ளூயிடிக் சிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆய்வகத்தில் சிரிஞ்சு பம்புக்குப் பக்கத்து மேசை என்னுடையது. சிப் கசிந்தாலும், துளி வராமல் போனாலும், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தேகம் வந்தாலும் முதலில் என் தோளைத்தான் தட்டுவார்கள். ஒரே கேள்விக்கு வாரத்துக்கு மூன்று முறை பதில் சொல்லிச் சலித்துப்போய் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான செல்களைத் தனித்தனியாகப் பார்க்க உதவும் ரப்பர் சிப்புகள்தான் பெரும்பாலும் பேச்சு.

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்றால் சின்னக் குழாயில் தண்ணீர் விடுவதுதானே? அதில் என்ன புதுசு?

சின்னக் குழாய்தான். தலைமுடியின் தடிமன் அளவுக்கு, அதாவது 100 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான அகலத்தில் வாய்க்கால்கள். ஆனால் அந்த அளவில் தண்ணீர் நாம் பார்த்த தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளாது. ஓடுகிற நீரின் வேகத்தால் வரும் உந்தத்தையும் அதன் பிசுபிசுப்பையும் ஒப்பிடுவதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று ஓர் அளவு உண்டு. வீட்டுக் குழாயைத் திறந்தால் அது ஆயிரக்கணக்கில் இருக்கும், நீர் சுழன்று கொந்தளிக்கும். 100 மைக்ரோமீட்டர் வாய்க்காலில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு அந்த எண் 0.1 தான். சுழலே வராது.

அதனால் சிவப்பு மையையும் நீல மையையும் ஒரே வாய்க்காலில் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் இரண்டும் கோடு போட்ட மாதிரி கலக்காமல் ஓடும். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள், நானும் நின்றேன். மூலக்கூறுகள் தாமாகப் பரவித்தான் கலக்க வேண்டும். சிறிய மூலக்கூறு 100 மைக்ரோமீட்டர் பரவ ஏறத்தாழ 10 நொடி ஆகும். தூரம் பாதியானால் நேரம் கால்பங்காகும். புரதங்களுக்கு இதைவிட நிறைய நேரம் வேண்டும். கலக்காமல் இருப்பது சில சோதனைகளுக்கு வரம், சிலவற்றுக்குத் தலைவலி. கலந்தே ஆகவேண்டும் என்றால் வாய்க்காலின் தரையில் மீன்முள் வடிவில் வரப்பு வைப்பார்கள். 2002-ல் வந்த அந்த வழி இன்றும் ஓடுகிறது.

பிப்பெட்டும் 96 குழித் தட்டும் இருக்கும்போது இது எதற்கு?

நூறு இருநூறு மாதிரிகள் என்றால் எதற்குமே வேண்டாம். இதை நான் வெளிப்படையாகவே சொல்வேன். பலர் சிப் செய்யும் ஆசையில் வந்து, தட்டில் இரண்டு நாளில் முடித்திருக்கக்கூடிய சோதனைக்கு ஆறு மாதம் செலவழிக்கிறார்கள்.

கணக்கு எப்போது மாறுகிறது என்றால், ஒரு கோடி வினைகள் வேண்டும்போது. 96 குழித் தட்டில் அதைச் செய்ய ஒரு லட்சத்துக்கும் மேல் தட்டுகள் வேண்டும். சிப்பில் ஒவ்வொரு வினையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு துளிக்குள் நடக்கும். 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியின் கொள்ளளவு 65 பிக்கோலிட்டர். அப்படி ஒரு கோடித் துளிக்கு மொத்தமே 0.65 மில்லிலிட்டர் போதும். நொடிக்கு ஆயிரம் துளி வீதம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2010-ல் ஹார்வர்டில் வைட்ஸின் குழுவினர் ஒரு நொதியின் மாற்றுருக்களை ஈஸ்டில் வைத்து இப்படிச் சலித்தார்கள்: 10 கோடி வினைகள், 10 மணி நேரம், மொத்தம் 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவான வேதிப்பொருள். மூலநொதியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமான வடிவங்கள் கிடைத்தன.

இன்னொரு காரணமும் உண்டு. தட்டில் உள்ள ஒரு குழியில் பல்லாயிரம் செல்களின் சராசரிதான் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு செல் வேறு மாதிரி இருந்தால் சராசரி அதை மறைத்துவிடும்.

சிப் என்றால் சிலிக்கான்தானே? ரப்பரில் எதற்குச் செய்கிறார்கள்?

ஆரம்பத்தில் சிலிக்கானும் கண்ணாடியும்தான். ஆய்வகத்தையே ஒரு சில்லுக்குள் சுருக்கலாம் என்ற எண்ணத்தை 1990-ல் மன்ஸும் கூட்டாளிகளும் தெளிவாக எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் கண்ணாடியை அமிலத்தில் அரித்துக்கொண்டிருந்தால் உயிரியல் ஆய்வாளர் யார் கிட்டே வருவார்? 1998-ல் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு பி.டி.எம்.எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்க்கும் முறையைக் காட்டியது. வடிவம் மனதில் தோன்றியதிலிருந்து கையில் சிப் வரும்வரை ஒன்றிரண்டு நாள். கதை மாறியது அங்கேதான்.

பி.டி.எம்.எஸ் ஒளி ஊடுருவும், வளையும், ஆக்சிஜனை உள்ளே விடும், செல்லுக்கு நஞ்சில்லை. அதன் கெட்ட குணங்களைப் பின்னால் மருந்துக் கேள்வியில் சொல்கிறேன்.

அக்கா, ஒரு சிப்பை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது?

பணியாரக் கல்லைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் குழி இருக்கும், பணியாரம் புடைத்து வரும். இங்கே அச்சில் வாய்க்கால் புடைத்து நிற்கும், ரப்பரில் அது குழியாக விழும். அந்த அச்சைச் செய்ய ஒரு சிலிக்கான் வட்டின்மேல் எஸ்யு-8 என்ற ஒளியுணர் பிசினை ஊற்றிச் சுழற்றுவார்கள். சுழலும் வேகமும் பிசினின் கெட்டியும்தான் படலத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும். வரைபடம் அச்சிட்ட மாஸ்க் வழியாகப் புறஊதா ஒளி விழும் இடம் கெட்டியாகும், மற்றது கரைசலில் கழுவப்பட்டுப் போகும். பிறகு அச்சின்மேல் ஒரு சிலேன் ஆவியைப் படியவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது அச்சும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் சமையல். பி.டி.எம்.எஸ் அடிப்பொருள் பத்துப் பங்கு, கெட்டிப்படுத்தி ஒரு பங்கு, எடை போட்டு நன்றாகக் கலக்குங்கள். நுரை பொங்கும். அச்சின்மேல் ஊற்றி, டெசிகேட்டரில் வைத்து வெற்றிட பம்பால் அரை மணி நேரம் காற்றை இழுங்கள். பிறகு 70 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். பிளேடால் வெட்டிப் பிரித்து, பயாப்சி பஞ்ச் என்ற துளையிடும் கருவியால் துளை போட்டு, செலோ டேப்பால் தூசியை ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டோடு சேர்த்து பிளாஸ்மாவில் (கருவிக்குள் மின்னூட்டிய வாயுவில்) ஒரு நிமிடத்துக்குள் காட்டி, உடனே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு இந்தக் கலவையைத் தொடாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கலவையைக் கெட்டியாக்கும் பிளாட்டின வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். தொட்ட இடம் மட்டும் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும். நைட்ரைல் கையுறைதான் சரி.

எங்கள் கல்லூரியில் கிளீன்ரூம் கிடையாது. அப்போது நாங்கள் செய்யவே முடியாதா?

தூசியில்லாமல் பராமரிக்கும் அறையான கிளீன்ரூம் அச்சுக்கு மட்டும்தான் வேண்டும். ஒரு நல்ல அச்சைப் பக்குவமாக வைத்துக்கொண்டால் பல டஜன் முறை ஊற்றலாம். மிச்ச வேலைக்கு ஓவனும் டெசிகேட்டரும் பிளாஸ்மா கருவியும் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் கிளீன்ரூமைப் பயன்படுத்த இன்அப் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் உங்கள் வரைபடத்தைத் தெளிவாக வையுங்கள். காசு இருந்தால் அச்சை மட்டும் வெளியே செய்யச் சொல்லியும் வாங்கலாம்.

முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். சில நூறு மைக்ரோமீட்டர் வாய்க்காலுக்குச் சரி. ஆனால் பிசின் அச்சுகளில் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருள், லேடெக்ஸ் செய்த அதே வேலையைச் செய்யும். நன்றாகக் கழுவி, புறஊதாவில் காட்டி, ஓவனில் வாட்டிய பிறகே ஊற்றுங்கள்.

பிளாஸ்மா காட்டியும் ஒட்டவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா?

பத்தில் எட்டு முறை மெஷின் அல்ல, தூசி. அடுத்தது விரல்ரேகை. அதற்கடுத்தது தாமதம்: பிளாஸ்மா ரப்பரின் மேற்பரப்பில் உருவாக்கும் வினைத்திறன் நிமிடக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். எடுத்து வைத்துவிட்டு போன் பேசப் போனால் ஒட்டாது. நேரத்தைக் கூட்டினால் நன்றாக ஒட்டும் என்றும் நினைக்க வேண்டாம், அதிகமானால் மேற்பரப்பு கெட்டித்து வெடித்துப் பிணைப்பு பலவீனமாகும். ஒட்டிய பிறகு 80 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் பிடிப்பு கூடும்.

துளை போடும்போது கிழிந்திருந்தாலும் கசிவு அங்கிருந்துதான் வரும். மழுங்கிய துளைக்கருவியைத் தூக்கிப் போட மனசு வராமல் நான் பல மாதம் அழுதிருக்கிறேன்.

துளிகள் தாமாக ஒரே அளவில் எப்படி வருகின்றன?

எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தின் வடிவம்தான் காரணம். ஒரு வழி, தண்ணீர் வாய்க்கால் எண்ணெய் வாய்க்காலில் பக்கவாட்டில் வந்து முட்டும் சந்தி. 2001-ல் தோர்சனும் ஸ்டீபன் குவேக்கும் இதைக் காட்டினார்கள். இன்னொன்று, நடுவில் வரும் தண்ணீரை இரு பக்கமும் எண்ணெய் நெருக்கி ஒரு குறுகிய வாசல் வழியாகத் தள்ளுவது. இன்று பலரும் பயன்படுத்துவது இந்த இரண்டாவதுதான். ஒவ்வொரு முறையும் அதே நெருக்கல், அதே அறுபடல். முதல் கேள்வியில் சொன்ன கொந்தளிப்பில்லாத ஓட்டம் இங்கே கைகொடுக்கிறது. எண்ணெயில் கலந்த சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காக்கும்.

புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று: வாய்க்கால் சுவர் எண்ணெயை விரும்ப வேண்டும், தண்ணீரை அல்ல. ஆனால் சிப்பை ஒட்ட நாம் காட்டிய பிளாஸ்மா சுவரைத் தண்ணீர் விரும்பியாக மாற்றிவிடுகிறது. அப்படியே ஓடவிட்டால் தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி போகும், துளியே அறுபடாது. ஒட்டிய பிறகு ஃப்ளோரோசிலேன் கரைசலை உள்ளே விட்டு, காற்றால் ஊதி, ஓவனில் வைக்க வேண்டும். கார் கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமலிருக்கப் பூசும் அக்வாபெல்லைப் பல ஆய்வகங்கள் இதற்குப் பயன்படுத்துகின்றன.

சாதாரண எண்ணெய் போதாதா? துளிக்கு நீங்கள் வாங்கச் சொல்லும் ஃப்ளோரின் எண்ணெய் விலை கண்ணைக் கட்டுகிறதே.

துளி செய்து பழக மினரல் ஆயில் போதும், நானே முதல் வாரம் அதைத்தான் கொடுப்பேன். செல் உள்ளே போகும்போது நிலைமை வேறு. ஃப்ளோரின் எண்ணெய் ஆக்சிஜனை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், பி.டி.எம்.எஸ்ஸை ஊதவைக்காது, துளிக்குள் இருக்கும் பெரும்பாலான மூலக்கூறுகளை வெளியே இழுக்காது. ஹைட்ரோகார்பன் எண்ணெய்கள் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கவைத்து வாய்க்காலின் அளவையே மாற்றிவிடும்.

விலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நோவெக் 7500 என்ற எண்ணெயை நம்பித்தான் இந்தத் துறையின் பெரும்பகுதி எழுந்தது. சூழலில் அழியாத ஃப்ளோரின் சேர்மங்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. மாற்று எண்ணெய்க்குப் போகும்போது சர்ஃபாக்டன்ட் ஒத்துப்போகிறதா, துளிகள் சூட்டில் தாங்குகின்றனவா என்று முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனி பாட்டில்.

ஒரு துளிக்குள் ஒரே ஒரு செல் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

உறுதியாகச் சொல்லவில்லை. நிகழ்தகவாகத்தான் சொல்கிறோம். இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேர் குழம்புவது இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம்.

ஆயிரம் கிண்ணங்களைத் தரையில் பரப்பி, நூறு பட்டாணியைக் கண்ணை மூடிக்கொண்டு வீசுங்கள். நூறு கிண்ணத்தில் ஒவ்வொன்று என்று அழகாக விழாது. சராசரியாக 905 கிண்ணம் காலி, 90 கிண்ணத்தில் ஒன்று, 5 கிண்ணத்தில் இரண்டோ அதற்கு மேலோ. இதுதான் பாய்சான் பரவல். செல்களும் துளிகளுக்குள் இப்படித்தான் விழுகின்றன. பட்டாணி விழுந்த 95 கிண்ணங்களை மட்டும் பார்த்தால், அதில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் கூட்டாளி இருக்கிறார். இது பிடிக்கவில்லையா? செல்களை இன்னும் நீர்த்துப்போகச் செய்யுங்கள். துளிக்குச் சராசரி 0.05 செல் என்று குறைத்தால் கூட்டாளிகள் 2.5 விழுக்காடு ஆவார்கள், காலித் துளி 95 விழுக்காடாகும்.

செல் எண்ணிக்கையைச் சரியாக எடுப்பதுதான் இதில் உயிர்நாடி. துளி ஒரு நானோலிட்டர் என்றால், சிரிஞ்சில் மைக்ரோலிட்டருக்கு 100 செல் போட்டு, அதே அளவு இன்னொரு கரைசலோடு சிப்பில் சேர்ப்பதால் பாதியாகி, துளிக்கு 0.05 என்று வரும். எண்ணும் தகட்டில் நீங்கள் இரண்டு மடங்கு தப்பாக எண்ணினால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் தப்பு. செல்கள் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். பட்டாணிகள் தனித்தனியாக விழும் என்பதுதான் கணக்கின் அடிப்படை, பசை தடவிய பட்டாணிக்கு அது செல்லாது. வடிகட்டிவிட்டு ஏற்றுங்கள்.

தொண்ணூறு விழுக்காடு துளி காலி என்றால் அத்தனையும் வேஸ்ட்தானே?

காலித் துளி ஒன்றுக்கு உங்களுக்கு ஆகும் செலவு சில பிக்கோலிட்டர் அல்லது ஒரு நானோலிட்டர். அது வேஸ்ட் இல்லை. அதே தாராளத்தைக் குழித் தட்டில் காட்டினால்தான் கையைக் கடிக்கும். டி.என்.ஏவைப் பெருக்கி எண்ணும் டிஜிட்டல் பி.சி.ஆர் முறையோ காலித் துளிகளை நம்பியே நடக்கிறது: மாதிரியைச் சுமார் 20,000 துளிகளாகப் பிரித்து, எத்தனை துளி ஒளிரவில்லை என்று எண்ணி, மேலே சொன்ன பாய்சான் கணக்கைத் திருப்பிப் போட்டு டி.என்.ஏ எத்தனை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

உண்மையான வேஸ்ட் வேறு இடத்தில். ஒரு செல்லோடு ஒரு மணியும் (செல்லுக்கு அடையாளம் தரும் டி.என்.ஏ ஒட்டிய நுண்ணிய உருண்டை) அதே துளியில் விழ வேண்டும் என்று வரும்போது இரண்டு பாய்சான்கள் பெருக்கிக்கொள்ளும். இரண்டும் 0.05 அளவில் இருந்தால் ஆயிரத்தில் இரண்டு மூன்று துளிதான் தேறும். உங்கள் செல்களில் பெரும்பாலானவை துணையில்லாமலே போய்விடும். நோயாளியிடமிருந்து எடுத்த கொஞ்சம் செல்தான் கையில் இருக்கிறது என்றால் இது தாங்காது. அதற்கான தந்திரம், கெட்டி மணிக்குப் பதில் மெத்தென்ற ஜெல் மணி. ஜெல் மணிகளை நெருக்கி அடைத்தால் வரிசையில் ஒழுங்காக நின்று, பெரும்பாலும் துளிக்கு ஒன்றாக நுழையும்.

துளியை உடைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த பிறகு எந்த ஆர்.என்.ஏ எந்தச் செல்லுடையது என்று எப்படித் தெரியும்?

மேலே சொன்ன மணியின் வேலை இதுதான். 2015-ல் ஒரே இதழில் பக்கத்தில் பக்கத்தில் வந்த டிராப்-சீக், இன்டிராப் என்ற இரண்டு முறைகளும் இந்த யோசனையில் நிற்கின்றன. மணியின் மேல் கோடிக்கணக்கான டி.என்.ஏ நூல்கள், ஒரு மணியில் எல்லா நூலிலும் ஒரே முகவரி. டிராப்-சீக்கில் அந்த முகவரி 12 எழுத்து. டி.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் 12 இடம் என்றால் 1.68 கோடி முகவரிகள். அதைச் செய்த விதம் அழகு: மணிகளை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எழுத்து சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து, மறுபடி நான்காகப் பிரித்து, இப்படிப் பன்னிரண்டு சுற்று.

துளிக்குள் செல் உடைந்ததும் அதன் ஆர்.என்.ஏ மணியின் நூலில் மாட்டிக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது முகவரியும் சேர்ந்து படிக்கப்படும். முகவரிக்குப் பிறகு இன்னொரு 8 எழுத்து ஒவ்வொரு நூலுக்கும் தனி. பெருக்கும்போது ஒரே மூலக்கூறு ஆயிரம் நகலானாலும் அதை ஒன்று என்றே எண்ண அது உதவும். அந்தக் கட்டுரையில் எலி விழித்திரையின் 44,808 செல்களைப் பார்த்து 39 வகைகளாகப் பிரித்தார்கள்.

சிரிஞ்சு பம்பு நல்லதா, அழுத்த பம்பு நல்லதா?

சிரிஞ்சு பம்பு ஓட்ட வேகத்தைத் தரும், அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் கவலைப்படாது. அடைப்பு வந்தால் டியூப் பிய்த்துக்கொள்ளும்வரை தள்ளும். அழுத்த பம்பு உடனே பதில் சொல்லும், ஆனால் வாய்க்காலில் தூசி மாட்டித் தடை கூடினால் ஓட்டம் சத்தமில்லாமல் குறைந்துவிடும். வாய்க்காலின் உயரம் பாதியானால் தடை எட்டு மடங்கு. ஆகவே அச்சின் உயரம் கொஞ்சம் மாறினாலும் பழைய அழுத்தம் புதிய சிப்புக்குப் பொருந்தாது. துளிக்கு நான் சிரிஞ்சு பம்பு, பின்னால் சொல்லப்போகும் வால்வு சிப்புக்கு அழுத்த பம்பு.

ஒரு மாதம் எங்கள் துளிகள் பெரிசு, சிறிசு, பெரிசு, சிறிசு என்று அலை மாதிரி வந்தன. வரைபடத்தை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் 20 மில்லி சிரிஞ்சு. பம்பின் மோட்டார் அடியடியாகத்தான் தள்ளும். விட்டம் நான்கு மடங்கு என்றால் ஒவ்வோர் அடியிலும் வெளிவரும் நீர் 16 மடங்கு. மெதுவான ஓட்டத்தில் அந்த ஒவ்வோர் அடியும் துளியில் தெரியும். ஒரு மில்லி சிரிஞ்சு போட்டதும் அலை நின்றது.

செல்கள் சிரிஞ்சிலேயே படிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். 10 மைக்ரோமீட்டர் செல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். முதல் பத்து நிமிடம் அளவுக்கு மேல் செல், பிறகு வெறும் மீடியம், அதாவது செல் மிதக்கும் உணவுக் கரைசல். அடர்த்தியைச் சமப்படுத்த ஆப்டிபிரெப் சேருங்கள் அல்லது சிரிஞ்சுக்குள் சின்னக் காந்தக் கலக்கி வையுங்கள்.

குமிழி! குமிழி! என்ன செய்தாலும் குமிழி வருகிறது.

எல்லோருக்கும் வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மீடியத்தை நேராக ஏற்றினால் 37 டிகிரியில் கரைந்த காற்று வெளியே வந்தே தீரும். முன்கூட்டியே சூடாக்கி, வெற்றிடத்தில் காற்றை எடுங்கள். புதிய சிப்பில் முதலில் எத்தனால் விட்டு, அதைத் தண்ணீரால் மாற்றுங்கள், மூலைமுடுக்கில் காற்று தங்காது. டியூப் நுனியில் ஒரு சொட்டு தொங்கும் நிலையில்தான் சிப்பில் செருக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட குமிழிக்கு, வெளிவாசலை அடைத்து அழுத்தம் கொடுங்கள். ரப்பர் காற்றை விடும் என்று சொன்னேனே, அதன் வழியாகக் குமிழி கரைந்துபோகும்.

தட்டில் வேலை செய்த மருந்து சிப்பில் வேலை செய்யவில்லை. செல் மாறிவிட்டதா?

செல் அப்படியே இருக்கலாம், மருந்துதான் காணாமல் போயிருக்கும். பி.டி.எம்.எஸ் எண்ணெய் விரும்பும் சிறு மூலக்கூறுகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். 2006-ல் டோப்கேயும் பீபியும் இதை அளந்து காட்டினார்கள். தட்டில் 100 மைக்ரோலிட்டருக்குச் சுவர் கொஞ்சம்தான். வாய்க்காலில் சில நானோலிட்டர் மருந்தைச் சுற்றி மலைபோல ரப்பர். நீங்கள் போட்ட அளவு செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதோடு, முன்பு போட்ட மருந்தை ரப்பர் அடுத்த சோதனையில் மெல்ல வெளியே விடும். ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு நான் பி.டி.எம்.எஸ் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியோ, வார்ப்பு பிளாஸ்டிக்கோ பாருங்கள்.

நீராவியும் ரப்பர் வழியே போய்விடும். நானோலிட்டர் மீடியம் காய்ந்தால் உப்பின் அடர்த்தி ஏறும், செல் சுருங்கும். சிப்பைச் சுற்றி ஈரமாக வையுங்கள்.

துளி இல்லாமல் வால்வு வைத்த சிப் என்கிறார்களே, அது என்ன?

இரண்டு அடுக்கு ரப்பர். கீழ் வாய்க்காலில் கரைசல், குறுக்கே மேல் வாய்க்காலில் காற்றழுத்தம், நடுவே மெல்லிய சவ்வு. அழுத்தினால் சவ்வு வளைந்து கீழ்ப் பாதையை மூடும். தோட்டத்து ஹோஸ் குழாயைக் காலால் மிதிப்பது போல. 2000-ல் குவேக் குழு செய்தது. மூன்று வால்வைத் தொடர்ந்து திறந்து மூடினால் அதுவே பம்பு. 2002-ல் ஆயிரம் அறைகளும் 3,574 வால்வுகளும் கொண்ட சிப்பைக் காட்டினார்கள். 20 கட்டுப்பாட்டுக் கோடுகளால் 1,024 வாய்க்கால்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் அதே கட்டுரைதான். ஒவ்வோர் அறைக்கும் பல படிகளாகக் கரைசல் மாற்ற வேண்டும் என்றால் துளியைவிட இது வசதி. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் துளி.

ஒரே பாக்டீரியாவை நாள்கணக்கில் பார்க்க வேண்டும். துளி சரிவருமா?

வராது. துளிக்குள் உணவு தீரும், கழிவு சேரும். உங்களுக்கு வேண்டியது 2010-ல் சக்ஜூன் ஜுன்னும் கூட்டாளிகளும் காட்டிய தாய் எந்திரம். ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சீப்பின் பற்கள் மாதிரி முட்டுச்சந்துகள். ஒவ்வொரு சந்தும் ஒரு பாக்டீரியாவின் அகலம்தான், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வரும். சந்தின் கடைசியில் இருக்கும் தாய்ச் செல் அங்கேயே இருக்கும். அது பெற்ற பிள்ளைகள் வரிசையாக வெளியே தள்ளப்பட்டு, பெரிய வாய்க்காலில் அடித்துச் செல்லப்படும். அப்படி ஈ.கோலையை ஏறத்தாழ 200 தலைமுறை தொடர்ந்து பார்த்தார்கள். வளரும் வேகம் குறையவில்லை. ஒரு மைக்ரோமீட்டர் அச்சு செய்வது பழகியவர்களுக்கும் எளிதல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட ஃபிலிம் மாஸ்க் இதற்கு உதவாது.

டேட்டாவில் இரண்டு செல்லின் குணமும் உள்ள ஒரு புது வகை தெரிகிறது. கண்டுபிடிப்பா?

இருக்கலாம். முதலில் அந்த 5 விழுக்காட்டுக் கூட்டாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். டி செல், மோனோசைட் என்ற இரண்டு வகை வெள்ளணுக்கள் ஒரே துளியில் விழுந்தால் முகவரி ஒன்றுதான், கணினிக்கு அது ஒரே செல்.

இதை அளக்க ஒரு நேர்மையான வழி, மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் சரிபாதி கலந்து ஓட்டுவது. ஒரே முகவரியில் இரு இனத்தின் ஆர்.என்.ஏவும் வந்தால் அது கூட்டாளி. இங்கே ஒரு பொறி உண்டு: மனிதனும் மனிதனும், எலியும் எலியும் சேர்ந்த ஜோடிகள் கண்ணுக்குத் தெரியாது. சரிபாதி கலவையில் ஜோடிகளில் பாதி அப்படித்தான் இருக்கும். ஆக நீங்கள் அளந்தது 3 விழுக்காடு என்றால் உண்மை ஏறத்தாழ 6. இதை இரட்டிக்க மறந்துவிட்டு எங்கள் சிப் அற்புதம் என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

செத்த செல்களிலிருந்து கசிந்த ஆர்.என்.ஏ எல்லாத் துளிக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் போகும், அது வேறு. காலித் துளிகளில் என்ன வருகிறது என்று பார்த்தால் அது பிடிபடும். காலித் துளி வேஸ்ட் இல்லை என்றதற்கு இன்னொரு காரணம்.

கடையில் பெட்டியோடு விற்கிறார்களே. சொந்தமாக ஏன் சிப் செய்யணும்?

ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ மட்டும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. 10எக்ஸ் ஜினோமிக்ஸ் போன்றவர்களின் கருவியில் மாதிரியை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் சில நிமிடத்தில் துளி தயார். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை மாற்ற முடியாது. உங்கள் பூஞ்சை 40 மைக்ரோமீட்டர், உங்கள் நொதிக்கு இரண்டாவது கரைசலை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சேர்க்க வேண்டும், ஒளிரும் துளியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்றெல்லாம் வரும்போது சொந்த சிப்தான். துளிகளை லேசரில் பார்த்து மின்புலத்தால் பக்கத்து வாய்க்காலுக்கு இழுத்துவிடும் பிரிப்பானை 2009-லேயே செய்து காட்டிவிட்டார்கள், நொடிக்கு ஆயிரம் துளிக்கு மேல் பிரிக்கும்.

கடைசிக் கேள்வி அக்கா. ஒரே சிப்பை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

வெறும் துளி செய்து பார்ப்பதற்கு, எண்ணெயால் அலசி, துளைகளை டேப்பால் மூடி வைத்தால் சில நாள் வரும். சுவரின் பூச்சு போய்விட்டால் துளியின் அளவே சொல்லிவிடும். செல் ஒருமுறை போன சிப்பை நான் திரும்பத் தொடுவதில்லை. மூலையில் ஒட்டிய பழைய டி.என்.ஏ அடுத்த டேட்டாவில் விருந்தாளியாக வந்து உட்காரும். அச்சு அலமாரியில் இருக்கிறது, இன்னொன்று ஊற்றிக்கொள்ளுங்கள்.